ஏலீஸ்வாவின் வலக்கை

2008 மார்ச் 4, செவ்வாய் — 78
மார்ச் 5, புதன் — 92
மார்ச் 6, வியாழன் — 118
மார்ச் 7, வெள்ளி — 141
மார்ச் 8, சனி — 83
மார்ச் 9, ஞாயிறு — 206

இந்த ஆறு வரிகளும் திருச்சூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நியூரோ ஐ.சி.யூ. பதிவேட்டின் முப்பத்தோராம் தொகுதி, பக்கம் 112இல் இருக்கின்றன. ஐந்தாம் நம்பர் படுக்கை. நோயாளி ரெமணி, வயது 44. மூளையின் இடப்பக்கக் குழாயில் ரத்தம் வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஓடியது என்பதுதான் எண். அளந்து எழுதியவர் டெக்னீஷியன் ஏலீஸ்வா. ஐந்தாவது வரி தவறு. அந்தத் தவறை யார் தலையில் எழுதுவது என்ற கேள்வி அந்த மார்ச் மாதத்தில் வந்தது. ஏலீஸ்வா தன் வேலையைக் கொடுத்து அதற்குப் பதில் சொன்னார். பதில் சரியாகப் போய்ச் சேர ஆறு வருஷம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. நான் தாணுப்பிள்ளை, நாகர்கோவில்காரன். 1971இல் இங்கே வந்து ரெக்கார்டு அறையில் நாற்பத்து மூன்று வருஷம் இருந்தேன். கீழே வரும் தேதிகள் எல்லாம் பதிவேடுகளிலும் என் டைரிகளிலும் சரிபார்த்தவை. பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து.

ஏலீஸ்வா 1959 நவம்பர் 2 அன்று ஒல்லூரில் பிறந்தார். அப்பா லோனப்பன் சர்ச் பெருநாள் பாண்ட் செட்டில் பெரிய டிரம் அடித்தவர். அம்மா வட்டேப்பம் என்ற அரிசிப் பலகாரம் அவித்து விற்றார். ஏலீஸ்வா பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஈ.சி.ஜி. படித்து, 1983 ஜூலை 11 அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1985இல் அதே பாண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்த பொறிஞ்சுவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பெண்கள். குள்ளமான உருவம், பெரிய கண்ணாடி, சட்டென்று வரும் வாய்.

மூளை ரத்த ஓட்டம் பார்க்கிற மிஷின் 1994 அக்டோபர் 3 அன்று வந்தது. பென்சில் தடிமனில் ஒரு கைப்பிடி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள பொட்டில் ஜெல்லியைத் தடவி, அதை வைத்து அழுத்த வேண்டும். அந்த இடத்தில் எலும்பு மெல்லியது, ஒலி உள்ளே போய்த் திரும்பும். ஒரு நூலளவு சாய்ந்தாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும். கம்பெனிக்காரர் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். மற்ற இரண்டு டெக்னீஷியன்களுக்கும் இரைச்சலைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. ஏலீஸ்வா கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் படுக்கைக்காரரின் பொட்டில் கைப்பிடியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மிஷினிலிருந்து 'ஹூஷ், ஹூஷ்' என்று சத்தம் வந்தது.

"வந்துட்டான்" என்றார்.

ரத்தக் குழாய் அன்றிலிருந்து அவருக்கு 'அவன்'. "இன்னைக்கு அவன் பிணங்கிட்டு நிக்கிறான்", "அவன் கொஞ்சம் தெளிஞ்சிருக்கான்" என்றுதான் பேச்சு.

"சேச்சி இப்படியே அவன் அவன்னு சொல்லிட்டிருந்தா பொறிஞ்சுச் சேட்டன் ஒரு நாள் கத்தியோட வரப்போறாரு" என்பார் ஐ.சி.யூ. பொறுப்பிலிருந்த சிஸ்டர் ப்ளாசிட்.

"அவருக்குக் கிளாரினெட் இருக்கு சிஸ்டரே. எனக்கு இவன். கணக்குச் சரி."

மூளைக்குள் ரத்தம் கசிந்து வந்தவர்களுக்கு, மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் பயம் உண்டு. நல்லா இருக்கிற குழாய்கள் சுருங்க ஆரம்பிக்கும். ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் வேகமாய்ப் பீய்ச்சுவதுபோல, குழாய் சுருங்கச் சுருங்க எண் ஏறும். எண் ஏறினால் மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தைக் கூட்டி, எப்படியாவது ரத்தத்தை உள்ளே தள்ளுவார்கள். அதனால் அங்கே தினமும் காலை ஒன்பது மணிக்கு ஏலீஸ்வா வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏலிச்சேச்சி, மார்க்கெட் நிலவரம் எப்படி?" என்று கேட்பார் டாக்டர் ஹரீந்திரன்.

"ஏழாம் நம்பர் குருமிளகு, டாக்டரே. ஏறிட்டே இருக்கு. ரெண்டாம் நம்பர் ரப்பர். விழுந்து கிடக்கு."

அங்கே விழுந்து கிடப்பதுதான் நல்லது. எண் இறங்கினால் வீட்டுக்காரர்கள் வெளியே மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள்.

1994இலிருந்து 2008 வரை அவர் எழுதிய வரிகளை ஓய்வுபெற்ற பிறகு எண்ணினேன். முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு. ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டம்: தேதி, படுக்கை, பக்கம், ஆழம், வேகம், கையெழுத்து. ஆழம் என்பது எலும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அந்தச் சத்தம் அகப்பட்டது என்பது. நிறையப் பேர் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவார்கள். ஏலீஸ்வா ஒரு நாளும் விட்டதில்லை.

2006 ஆகஸ்டிலிருந்து அவருடைய கையெழுத்து மாறியது. வழக்கமான வால் இல்லை. எழுத்துக்கள் பெரிதாகி, கட்டத்துக்கு வெளியே போயின. அதே வருஷம் செப்டம்பரில் ஒரு புது ஏற்பாடு வந்தது. முதல் நாள் 'அவன்' அகப்பட்ட இடத்தில், நோயாளியின் பொட்டில் ஊதா மையால் ஒரு சின்ன வட்டம் போடுவார். மறுநாள் தேட வேண்டியதில்லை, நேரே அங்கே வைக்கலாம். டாக்டர்கள் பாராட்டினார்கள். சிஸ்டர் ப்ளாசிட் ஓர் அட்டையில் 'ஊதா வட்டத்தைத் துடைக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி, வாசலில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினார். கையெழுத்தையும் வட்டத்தையும் நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை.

கேன்டீனில் கொதிக்கக் கொதிக்கச் சாயா வரும். நாங்கள் கிளாஸின் விளிம்பை நுனிவிரலால் பிடித்து ஊதிக்கொண்டிருப்போம். ஏலீஸ்வா அடியோடு பிடித்துத் தூக்குவார்.

"தாணு சாரைப் பாருங்க. கண்ணாடிக் கிளாஸைப் பாம்பு மாதிரி புடிக்கிறாரு."

"உமக்குச் சுடலையா ஏலீஸ்வா?"

"ஒல்லூர்க்காரிக்குச் சூடாவது, குளிராவது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ரெமணி 2008 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை வந்தார். அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைக்கிறவர். வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது "தலை பிளக்குதே" என்று சொல்லிச் சாய்ந்துவிட்டார். மறுநாள் வலப்பக்கம் திறந்து கசிவை அடைத்தார்கள். அது நன்றாக முடிந்தது. வலப்பக்கம் முழுதும் கட்டு. இடப்பக்கப் பொட்டில் ஏலீஸ்வா செவ்வாயன்று ஊதா வட்டம் போட்டார். கண் விழித்தபோதெல்லாம் ரெமணி பேசினார். "பள்ளிக்கூடத்துல யார் அடுப்பு மூட்டறா?" என்று வெள்ளிக்கிழமை கேட்டதாக நர்ஸ் குறிப்பில் இருக்கிறது.

கணவர் சுப்ரன் ஓட்டுக் கம்பெனியில் சூளை வேலை. பார்க்க விடும் நேரம் மாலை நாலிலிருந்து நாலு பத்து. ஒரு நாளும் தவறாமல் மூன்றரைக்கே வந்து வாசலில் நிற்பார். வெள்ளிக்கிழமை எண் 141 ஆகியிருந்ததால் அழுத்தம் கூட்டும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று உள்ளே போனவர் மனைவியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இதென்ன, ஓட்டுப் போட்ட மை மாதிரி முகத்துல? இவளை யாரும் துடைச்சுக்கூட விடறதில்லையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டின் நுனியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, அந்த வட்டத்தைத் துடைத்தார்.

நாலாம் படுக்கையில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் ஜின்ஸி அதைப் பார்த்தாள். பின்னால் சிஸ்டரிடம் சொன்னது இது: "கைக்குழந்தை மூஞ்சியைத் துடைக்கிற மாதிரி துடைச்சாரு சிஸ்டர். எனக்கு வாய் வரல. காலையில சேச்சி திரும்பப் போட்டுக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வட்டம் இல்லை. ஏலீஸ்வா தேடினார். வழக்கமாக மூன்று நிமிஷத்தில் முடிவது அன்று இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு சத்தம் வந்தது. ஆழம் 64, வேகம் 83. இரண்டையும் எழுதினார்.

"எண்பத்து மூணா? அட, இன்னைக்கு ரப்பர் ஆயிட்டாளே இவ" என்றார் டாக்டர். அழுத்தம் கூட்டும் மருந்தைக் குறைக்கச் சொல்லி எழுதினார்.

மாலை சுப்ரன் வந்தபோது எண் இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். அவர் போய் ஒரு பெரிய பொட்டலம் பழம்பொரி வாங்கி வந்து நர்ஸ்கள் அறையில் கொடுத்தார். ஏலீஸ்வாவும் ஒன்று தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ரெமணியின் வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாயில் பேச்சும் இல்லை. ஏலீஸ்வாவைப் பூசையின் நடுவில் சர்ச்சிலிருந்து கூட்டி வந்தார்கள். ஆழம் 52இல் எண் 206 இருந்தது. மருந்தைத் திரும்பக் கூட்டினார்கள். ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு பெரிய பகுதி ஏற்கெனவே செத்திருந்தது.

பதிவேட்டில் மேலே இருந்த வரிகளின் ஆழக் கட்டங்களை ஏலீஸ்வா அப்போதுதான் பார்த்திருக்கிறார். 52, 52, 51, 52, 64, 52. முந்தின நாள் அவர் கேட்டது அந்தக் குழாயையே அல்ல. அதற்கு ஒரு விரற்கடை பின்னால், இன்னும் உள்ளே ஓடுகிற வேறொரு குழாயை. அதுவும் மிஷினில் அதே திசையில்தான் ஓடும், அதே மாதிரிதான் சத்தம் போடும். அதன் வேகம் எப்போதும் குறைவு.

"இவன் இவ்ளோ உள்ளே இருக்கமாட்டானேன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு" என்று என்னிடம் பிறகொரு நாள் சொன்னார். "ஆனா எண் ஏறினா பத்துத் தடவை பாப்போம் சார். இறங்கினா யாரும் திரும்பப் பாக்கறதில்ல. நானும் பாக்கல."

அன்று மாலை சுப்ரன் டாக்டரை வராந்தாவில் பிடித்தார். ஏலீஸ்வா வண்டியோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"டாக்டரே, எங்க பக்கத்துல ஏதாவது தப்பு ஆயிருச்சா?"

"உங்க பக்கத்துல என்ன தப்பு? சில பேருக்குக் குழாய் சுருங்கிடும். நம்ம கையில இல்ல."

"இல்ல, நாங்க ஏதாவது செய்யக்கூடாததைச் செஞ்சிருந்தா சொல்லிடுங்க."

"ஒண்ணுமில்ல. போய் ஏதாவது சாப்பிடுங்க சுப்ரா."

சுப்ரன் ஏலீஸ்வாவைப் பார்த்தார். ஏலீஸ்வா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை மார்ச் 14, வெள்ளி, காலை பதினொரு மணிக்கு டைரக்டர் அச்சன் அறையில் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பாதிரியார்தான் டைரக்டர். அவரும் டாக்டர் ஹரீந்திரனும் சிஸ்டர் ப்ளாசிட்டும் ஏலீஸ்வாவும் இருந்தார்கள். குறிப்பு எடுக்க நான். ஜின்ஸி பார்த்ததை சிஸ்டர் சொன்னார். அச்சனுக்கு முகம் தெளிந்தது.

"அப்ப இதுல நமக்குச் சிக்கலே இல்லையே. துடைக்காதேன்னு சுவர்ல எழுதி ஒட்டியிருக்கோம். அதை மீறி ரோகியோட கணவர் துடைச்சிருக்காரு. அளவு மாறிப்போச்சு. தாணுப்பிள்ளை, அப்படியே எழுதிக்கோ."

நான் எழுதினேன். நடந்ததுதானே.

"அது வேணாம் அச்சா" என்றார் ஏலீஸ்வா.

"ஏன் வேணாம்? பொய்யா அது?"

"பொய்யில்ல. ஆனா காரணம் அதில்ல. மை வர்றதுக்கு முன்னால பன்னிரண்டு வருஷம் நான் மை இல்லாமத்தான் அளந்தேன். மை இருந்தாத்தான் இடம் தெரியும்னா, கோளாறு மையிலயா இருக்கு?"

"வேற எதுல?"

ஏலீஸ்வா வலக்கையை மேசைமேல் நீட்டினார். "டாக்டரே, குத்திப் பாருங்க."

டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு என் காகிதக் கட்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவினார். ஏலீஸ்வா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் கட்டைவிரலில் குத்தினார். ஆள்காட்டி விரலில், நடுவிரலில். நடுவிரலில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

"குத்தியாச்சா?" என்று கேட்டார் ஏலீஸ்வா, ஜன்னலைப் பார்த்தபடியே.

டாக்டர் குண்டூசியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. பிறகு அதுவும் இல்ல. காது நல்லாத்தான் இருக்கு. கைக்குத்தான் சாய்வு தெரியல."

"பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கேன். என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா மிஷினை வாங்கிடுவீங்களே."

அச்சன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கை மரத்த ஒருத்தியை ரெண்டு வருஷம் ஐ.சி.யூ.வுல வெச்சிருந்தோம்னு நான் எழுதணுமா? அதுக்கு அந்த மனுஷன் துடைச்சதே மேல். ஏலீஸ்வா, உனக்கு நல்லதுதான் சொல்றேன். இந்த ஒரு வரி இருந்தா உன் வேலைக்கும் ஒண்ணும் வராது. கைக்கு வைத்தியம் பாரு, குணமானதும் திரும்ப வா."

"அந்த வரி இருந்தா என்னிக்காவது அந்த ஆளு படிப்பாரு அச்சா. பொண்டாட்டி வாயை நான்தான் அடைச்சேன்னு நினைச்சுக்குவாரு. அவரு சாகிற வரைக்கும் அது போகாது. தப்பு என்னுது. நானே அவர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"அதெல்லாம் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா யார் பதில் சொல்றது? இது என் உத்தரவு."

ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் இரண்டையுமே எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று. 'மார்ச் 8 அன்று ஆழம் 64இல் வேறு குழாய் அளக்கப்பட்டது. டெக்னீஷியன் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.' அவ்வளவுதான் குறிப்பு. சுப்ரன் துடைத்ததாக எழுதிய வரியை அடித்தேன். பதிவுகளில் நடந்த ஒன்றை நான் அடித்தது அந்த ஒரு முறைதான்.

மார்ச் 17, திங்கட்கிழமை ஏலீஸ்வா ரெக்கார்டு அறைக்கு வந்தார். என் எதிர் மேசை. ஃபைல்களுக்கு நம்பர் போடுவதும், பழைய எக்ஸ்ரே உறைகளை வரிசைப்படுத்துவதும் வேலை. 2009 ஜனவரியில் கைக்கு ஆபரேஷன் செய்தார்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிந்திருந்ததாம். தாமதமாகிவிட்டது என்றார்கள். உணர்ச்சி திரும்பவில்லை. இடக்கையால் எழுதப் பழகினார். ஒரு வருஷத்தில் அது என் கையெழுத்தைவிடத் தெளிவாகிவிட்டது.

ஐ.சி.யூ. மாடிக்கு அவர் போகவே இல்லை. அழுததையும் நான் பார்த்ததில்லை. சாயாவை அடியோடு பிடித்துக் குடித்தார், ஃபைல்களைக் கட்டினார், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார். கேன்டீனில் அவர் வாய் முன்போல ஓடவில்லை. கேலி செய்தால் சிரிப்பார், திருப்பிச் சொல்ல மாட்டார். ஒரு வருஷம் ஒல்லூர்ப் பெருநாள் முடிந்து வந்தவரிடம் பாண்ட் செட் எப்படி என்று கேட்டேன்.

"வாசிச்சாங்க" என்றார். ஒரு ஃபைலைக் கட்டிவிட்டு, "ஒண்ணும் தோணல சார். டிரம் நிமிஷத்துக்கு நூத்துப் பதினெட்டுன்னு எண்ணிட்டு நின்னேன்" என்றார்.

சுப்ரனுடைய கடிதங்கள் 2009 மார்ச்சிலிருந்து வந்தன. ஆஸ்பத்திரி முகவரிக்கு, இன்லேண்டு கடிதம். வருஷத்துக்கு ஒன்று. நோயாளி தொடர்பான கடிதம் எதுவானாலும் அந்த ஃபைலில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் அறைக்கு வந்துவிடும். முதல் கடிதத்தில், ரெமணிக்கு 'தண்ணி', 'வேண்டாம்' என்று இரண்டு சொல் வருகிறது என்று எழுதியிருந்தார். இரண்டாவதில், பிடித்துக்கொண்டால் நாலடி நடக்கிறாள். மூன்றாவதில், பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், அவள் சிரித்தாள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடிந்தது: 'ஆஸ்பத்திரிக்கு எங்களிடம் ஏதாவது கேட்க இருந்தால் எழுதவும். எந்த நாளும் வருகிறேன்.'

வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கேஸுக்கு அடி போடுகிறார், பதில் போடாதீர்கள் என்றார். நாங்கள் பதில் போடவில்லை. ஐந்து கடிதங்களையும் ஏலீஸ்வாதான் ஃபைலில் துளையிட்டுக் கட்டினார்.

"எதைக் கேக்கச் சொல்றாரு இவரு?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டார்.

"மரியாதைக்கு எழுதறாரு."

"மரியாதைக்கு அஞ்சு வருஷமா எழுதுவாங்களா?"

2014இல் மார்ச்சில் கடிதம் வரவில்லை. ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை வந்தது. ஏலீஸ்வா பிரித்துப் படித்தார். படித்து முடித்து என் பக்கம் தள்ளினார்.

ரெமணி ஜூலை 30 அன்று இறந்துவிட்டதாக முதல் வரி. பிறகு: 'ஐ.சி.யூ.வில் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவள் பொட்டில் இருந்த ஊதா மையை நான் துவர்த்தால் துடைத்தேன். வெளியே வந்து செருப்புப் போடும்போது சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். அதற்கு முந்தைய நாட்களிலும் அது அங்கேதான் இருந்தது. அன்றுதான் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நன்றாக இருக்கிறாள் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். அதற்கு மறுநாள் அவளுக்குப் பேச்சு போயிற்று. டாக்டரிடம் கேட்டேன், அவர் ஒன்றுமில்லை என்றார். நீங்கள் கூப்பிட்டுக் கேட்பீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதினேன். கேட்கவில்லை. இனி அவள் இல்லை. நானே சொல்லிவிடுகிறேன்.'

மின்விசிறிக்கு அடியில் அந்தத் தாள் ஆடிக்கொண்டிருந்தது. ஏலீஸ்வா அதன்மேல் ஸ்டேப்லரை எடுத்து வைத்தார்.

"அந்த வரியை எழுதாம விட்டா அவருக்குத் தெரியாதுன்னு இருந்தேன்" என்றார். "அவருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு. தெரியாதது என்னோடது மட்டும்தான்."

"அச்சன் உத்தரவு இருந்துச்சே ஏலீஸ்வா."

"வாயை மூடச் சொன்னது அச்சன். ஆறு வருஷம் மூடிட்டிருந்தது நான்தானே. அன்னைக்கு வராந்தாவுல அவரு என்னைப் பாத்தாரு சார். அப்பவே ரெண்டடி எடுத்து வெச்சுச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

கோபமோ அழுகையோ அவர் குரலில் இல்லை. ஃபைல் நம்பரைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மறுநாள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்தார். இடக்கை எழுத்து, ஒன்றரைப் பக்கம். என்னிடம் தேதிகளைச் சரிபார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. 'நீங்கள் துடைத்தது எங்களுக்கு அப்போதே தெரியும். அதனால் தவறு நடக்கவில்லை. வட்டம் போய்விட்டால் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் வலக்கை விரல்கள் 2006இலிருந்து மரத்திருந்தன. அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். 52இல் அளக்க வேண்டியதை 64இல் அளந்தேன். எண்ணைப் பார்த்ததும் திரும்ப அளந்திருக்க வேண்டும், அளக்கவில்லை. தவறு என்னுடையது. இதை அன்றைக்கே சொல்லாததும் என்னுடையது. இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.' கீழே முழுப் பெயர், பழைய பதவி, வீட்டு விலாசம்.

"இதைத் தபால் பதிவேட்டுல ஏத்தணும் சார்" என்றார். "ஒளிச்சு அனுப்ப வேணாம்."

ஏற்றினேன். எண் 1186, ஆகஸ்ட் 19, செவ்வாய். பழைய அச்சன் மாறிப் போயிருந்தார். புதியவர் தபால் பதிவேட்டைப் பார்ப்பவர் அல்ல. ஒருவரும் கேட்கவில்லை. ஏலீஸ்வா ஒவ்வொரு நாளும் பதினொரு மணித் தபாலில் இன்லேண்டு நிறம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார்.

பதில் வந்தபோது அவர் அதை எனக்கு முன்னால் வைத்தே பிரித்தார். வலக்கையில் நிற்காததால் பல்லால் ஒரு ஓரத்தைக் கிழித்தார். நாலே வரி. 'கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். அந்த மைக்கறை பிடித்த துவர்த்தை இத்தனை வருஷமும் தோய்க்காமல் பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று தோய்த்துப் போட்டேன், கறை கொஞ்சம் நிற்கிறது, ஆனாலும் இன்று அதை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.'

ஏலீஸ்வா அதை மடித்தார், துளையிட்டார், ஃபைலில் கட்டினார். முன்பக்க அட்டவணையில் ஏற்ற என்னிடம் தேதி கேட்டார். சொன்னேன். இடக்கையால் எழுதினார்: வந்து சேர்ந்தது, 2014 செப்டம்பர் 17, புதன்.